கசிவும் அசைவும்: அழுத்தக் கலன்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரஷர் வெசல், அதாவது வாயுவையோ திரவத்தையோ அழுத்தத்தோடு அடைத்து வைக்கும் கலன் பற்றியவை. கலனைக் கட்டடம் போல அசையாத பொருளாக நினைத்துக்கொண்டு இறுக்கிக் கட்டியதால் வந்த வினைதான் பல கடிதங்களில் தெரிகிறது. சூடானால் நீளும், அழுத்தம் ஏறினால் உப்பும், தண்ணீர் நிரப்பினால் தொய்யும். அதை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் படுக்கைக் கலன் இரண்டு சேடில் (கலனை அடியிலிருந்து வளைவாக அணைத்துத் தாங்கும் இருக்கை) மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சேடிலில் போல்ட் துளை வட்டமாகவும் மற்றதில் நீளமாகவும் இருக்கின்றன. "அளவு தப்பி வெட்டிவிட்டார்கள்" என்று சொல்லி ஃபிட்டர் பெரிய வாஷர் போட்டு இறுக்கிவிட்டார். அப்படியே விடலாமா?

விடக்கூடாது. அந்த நீளத்துளை தப்பு அல்ல, வேண்டுமென்றே வெட்டியது. ஒரு சேடில் நிலையானது. மற்றது நகர வேண்டியது.

கணக்கு எளிது. கார்பன் ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.012 மி.மீ. நீளும். சேடில்களுக்கு நடுவே 6 மீட்டர், வெப்பநிலை 30-லிருந்து 230 டிகிரிக்கு ஏறுகிறது என்றால் 14 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் நீளும். போல்ட் பிடித்து நிறுத்தினாலும் உலோகம் நீளத்தான் பார்க்கும். இடம் கிடைக்காதபோது அடித்தளக் கான்கிரீட் வெடிக்கும், அடித்தளத்தில் பதித்த ஆங்கர் போல்ட் வளையும், அல்லது சேடில் கலனை அணைக்கும் வளைவின் மேல்நுனியில் வெல்டிங் கீறும். அந்த மேல்நுனியில்தான் சாதாரண நாளிலேயே கலனின் சுவரில் தகைவு (ஸ்ட்ரெஸ்) அதிகம். பரிசோதனைக்கு வருகிறவர்கள் முதலில் விரல் வைத்துத் தடவிப் பார்க்கும் இடமும் அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது: கலன் குளிர்ந்து, அழுத்தம் இல்லாமல் இருக்கும்போது நீளத்துளைப் பக்கத்து நட்டுகளைத் தளர்த்துங்கள். துளைக்குள் போல்ட் எந்த ஓரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். சூடாகும் கலனில், குளிர்ந்த நிலையில், நிலையான சேடிலுக்கு எதிர்ப்புற ஓரத்தை ஒட்டிப் போல்ட் நிற்க வேண்டும். சேடில் வெளியே நகர நகரத் துளையின் மீதி நீளம் பயன்படும். நடுவில் நின்றால் பாதி இடம்தான் மிச்சம். குளிரூட்டிச் சுருங்கும் கலன் என்றால் தலைகீழ். நட்டைக் கையால் முட்டும்வரை திருகி, பிறகு 1 முதல் 2 மி.மீ. இடைவெளி வரும்படி பின்னால் திருப்பி, மேலே இரண்டாவது நட்டைப் போட்டுப் பூட்டுங்கள்.

அடித்தட்டையும் கவனியுங்கள். நகரும் சேடிலின் கீழே கிரௌட் (அடித்தட்டுக்கு அடியில் நிரப்பும் சிமென்ட் கலவை) வழிந்து ஒட்டியிருந்தாலோ, பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துப் பசை போலப் பிடித்திருந்தாலோ நட்டைத் தளர்த்தியும் பயனில்லை. எஃகு மேல் எஃகு என்றால் உராய்வுக் கெழு 0.3 அளவுக்கு வரும். சேடில் மேல் 100 கிலோநியூட்டன் எடை இருந்தால் அடித்தளத்தை 30 கிலோநியூட்டன் விசையோடு பக்கவாட்டில் தள்ளும். டெஃப்லான் தகடு வைத்தால் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

எந்தச் சேடிலை நிலையாக வைப்பது என்பதையும் இன்னொருவர் கேட்டிருந்தார். பெரிய குழாய் எந்தப் பக்கம் இணைகிறதோ அந்தப் பக்கம்.

கேள்வி: நீளமான கலன் என்பதால் நடுவில் மூன்றாவது சேடில் கொடுத்தால் இன்னும் பலம்தானே?

காகிதத்தில் பலம். இடத்தில் அப்படி இல்லை. அடித்தளம் ஒன்று மட்டும் சில மில்லிமீட்டர் இறங்கினால் நடுச் சேடில் முழுச் சுமையையும் தாங்கும், அல்லது ஒன்றையுமே தாங்காது. எவ்வளவு தாங்குகிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு என்றால் எடை எப்படிப் பிரிகிறது என்பது தெளிவு. ஸிக் என்ற பொறியாளர் 1951-இல் வெளியிட்ட இரு சேடில் கணக்குமுறைதான் இன்றும் வடிவமைப்பாளர்களுக்கு அடிப்படை. சேடில் கலனை அணைக்கும் கோணம் குறைந்தது 120 டிகிரி. தொடுகோட்டிலிருந்து, அதாவது கலனின் முனையில் மூடி வளையத் தொடங்கும் கோட்டிலிருந்து, சேடிலின் தூரம் கலனின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல். ஆரத்தில் பாதிக்குள் வைத்தால் வளைந்த மூடியே சுவருக்கு முட்டுக் கொடுத்துவிடும்.

கேள்வி: டார்க் ரெஞ்ச் வைத்து அளந்துதான் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டு) போல்ட்டுகளை இறுக்கினோம். ஹைட்ரோ டெஸ்ட்டில் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் சோதனையில்) ஒரு சொட்டுக் கூட இல்லை. முதல் தடவை சூடேற்றியதும் கசிகிறது. கேஸ்கெட் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்பு வளையம்) மட்டமா?

கேஸ்கெட் மேல் பழி போடுவது எளிது. ஆனால் இந்த வகைக் கசிவில் பெரும்பாலும் தவறு போல்ட்டின் இழுவையில்.

டார்க் ரெஞ்ச் காட்டுவது முறுக்கு. ஃபிளாஞ்சைப் பிடித்து வைப்பது போல்ட்டின் இழுவை. இடையே உராய்வு இருக்கிறது. முறுக்கு = நட் கெழு × போல்ட் விட்டம் × இழுவை. மசகு பூசிய போல்ட்டுக்குக் கெழு சுமார் 0.16, உலர்ந்ததற்கு 0.2 அல்லது மேலும். எம்20 போல்ட்டில் (விட்டம் 20 மி.மீ.) 84 கிலோநியூட்டன் இழுவை வேண்டும் என்றால் மசகு பூசியதற்குச் சுமார் 270 நியூட்டன் மீட்டர் போதும். அதே 270-ஐ உலர்ந்த போல்ட்டில் கொடுத்தால் 67 கிலோநியூட்டன்தான் வரும். ரெஞ்ச் "சரி" என்று கிளிக் சொல்லும். ஃபிளாஞ்சுக்குப் போக வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு உராய்வில் போயிருக்கும். மசகைத் திருகில் மட்டும் பூசிவிட்டு நட்டின் அடிப்பக்கத்தை மறப்பது அடிக்கடி நடப்பது. உராய்வில் பாதி அந்த அடிமுகத்தில்தான்.

அடுத்தது படிவு, அதாவது இறுக்கிய பின் கேஸ்கெட் இன்னும் நசுங்கி இறங்குவது. போல்ட்டை ஒரு ஸ்பிரிங் என்று நினையுங்கள். நட்டுகளுக்கு இடையே 100 மி.மீ. நீளமுள்ள போல்ட்டை 345 மெகாபாஸ்கல் தகைவு வரை இறுக்கினால் அது நீள்வது வெறும் 0.17 மி.மீ. கேஸ்கெட் 0.05 மி.மீ. படிந்தால், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவாக இறங்கினால், இழுவையில் 30 சதவீதம் காலி. அதே இடத்தில் 200 மி.மீ. போல்ட் இருந்தால் 15 சதவீதம்தான் போகும். குட்டைப் போல்ட் போட்ட இணைப்புகள் எப்போதும் தொல்லை கொடுப்பது இதனால்தான். நட்டுக்கு அடியில் தடித்த குழாய்த்துண்டு வைத்துப் போல்ட்டை நீட்டுவது, அல்லது கிண்ண வாஷர் அடுக்குவது, இரண்டுமே அந்த ஸ்பிரிங்கை நீளமாக்கும் வேலை.

இறுக்கும் வரிசை: பன்னிரண்டு போல்ட் என்றால் 1-7-4-10, 2-8-5-11, 3-9-6-12. முதல் சுற்று இலக்கில் 20 முதல் 30 சதவீதம், இரண்டாவது 50 முதல் 70, மூன்றாவது முழுமையாக. அதன்பின் வரிசையாக வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள், எந்த நட்டும் இனி நகராது என்ற நிலை வரும் வரை. அங்கே நிறுத்திவிடாமல், 4 மணி நேரமாவது கழித்து மறுபடி ஒரு வட்டம். படிவின் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள் நடந்து முடிந்துவிடும். உங்கள் கடிதத்தில் இந்தக் கடைசிச் சுற்று இல்லை. நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

கலன் சூடாக, அழுத்தத்தோடு இருக்கும்போது கசியும் இடத்தின் போல்ட்டை மட்டும் முறுக்கிப் பார்க்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் நசுங்கிய கேஸ்கெட் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு போவது புதிதல்ல. அழுத்தத்தை இறக்கி, குளிரவைத்து, பிறகு இறுக்குங்கள்.

கேள்வி: கேஸ்கெட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் நன்றாக ஒட்டும் என்கிறார்களே? ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடலாமா?

இரண்டும் வேண்டாம். கிரீஸ் வழுக்கும், வழுக்கினால் அழுத்தம் கேஸ்கெட்டை வெளியே தள்ளும். இரண்டு போட்டால் வழுக்க இன்னொரு தளம் கூடுகிறது, அவ்வளவுதான். ஒருமுறை நசுங்கிய ஸ்பைரல் வூண்ட் (உலோகப் பட்டையைச் சுருளாகச் சுற்றிய) கேஸ்கெட்டையும் திரும்பப் போடாதீர்கள்: 4.5 மி.மீ. தடிமன் 3.3-க்கு அருகே இறங்கியது, பழையபடி எழும்பாது. ஃபிளாஞ்ச் முகத்தில் வட்டமாக ஓடும் மெல்லிய வரிகளைப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். கேஸ்கெட் அவற்றைக் கவ்வித்தான் நிற்கிறது. உள்ளிருந்து வெளியே குறுக்காக ஓடும் ஒரே ஒரு கீறல்தான் ஆபத்து.

கேள்வி: நாசில் (கலனில் குழாய் இணையும் வாய்) சுற்றிய பேட் தகட்டில் (சுவருக்கு மேல் வைத்து வெல்டிங் செய்த பலத் தகட்டில்) 6 மி.மீ. துளை ஒன்றிலிருந்து ஈரம் கசிகிறது. போல்ட் போட்டு அடைத்துவிட்டோம்.

உடனே திறந்துவிடுங்கள். அது சாட்சித் துளை. வெல்டிங் செய்யும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேறவும், பிறகு குறைந்த அழுத்தக் காற்றும் சோப்பு நீரும் வைத்து வெல்டிங்கைச் சோதிக்கவும் வைத்தது. இப்போது அது உங்களிடம் ஒரு செய்தி சொல்கிறது: உள்ளே நாசில் வெல்டிங் கசிகிறது. துளையை அடைத்தால் கலனின் அழுத்தம் பேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஏறும். பேட் தகடு அதற்காக வடிவமைத்ததல்ல. கலனை நிறுத்தி, வெல்டிங்கைச் சரிசெய்ய வேண்டும். சாதாரணக் காலத்தில் மழைநீர் புகாதிருக்க அந்தத் துளையில் கிரீஸ் வைத்தால் போதும்.

கேள்வி: பாய்லரின் முட்டை வடிவ மேன்ஹோல் மூடிக்கு இரண்டே இரண்டு போல்ட். இது எப்படித் தாங்குகிறது?

மூடி உள்ளே இருக்கிறது. அதைப் பிடிப்பது போல்ட் அல்ல, அழுத்தம். 300 × 400 மி.மீ. மூடியில் 10 பார் அழுத்தம் என்றால் சுமார் 94 கிலோநியூட்டன், அதாவது ஒன்பதரை டன் விசை அதைத் துளையின் விளிம்போடு அழுத்துகிறது. அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகும். அமெரிக்க இயற்பியலாளர் பெர்சி பிரிட்ஜ்மன் இதே சுய இறுக்கத் தத்துவத்தைக் கொண்டுதான் யாரும் அதுவரை தொடாத அழுத்தங்களை எட்டி, 1946-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் மூடி நடுவில் உட்கார வேண்டும். சுற்றிலும் இடைவெளி சீராக, 1.5 மி.மீ.க்கு மேல் போகாமல். ஒரு பக்கம் 3 மி.மீ. விட்டால் கேஸ்கெட் அந்தச் சந்தில் பிதுங்கும். புதுக் கேஸ்கெட் முதல் சூட்டில் நசுங்கியதும் நட்டுகள் தளர்ந்திருக்கும். குளிர்ந்து அழுத்தம் இறங்கிய பின் மறுபடி முட்டும்வரை இறுக்குங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுக் கேஸ்கெட்.

கேள்வி: தட்டை மூடியில் ஓ-ரிங் (பள்ளத்தில் உட்காரும் ரப்பர் வளையம்) மாற்றி மாற்றிப் போடுகிறோம், தங்கவில்லை. குளிர்ந்த காலையில் மட்டும் கசிகிறது.

கழற்றியதைத் தூக்கி எறியாமல் பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லும். வட்டம் போய் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டதா? சூடு அதிகம், அல்லது வயதாகிவிட்டது. ஓரம் எலி கடித்தது போலிருக்கிறதா? மூடிக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே சந்து பெரிது. அழுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் கடினமான முட்டு வளையம் வையுங்கள். உள்ளே கொப்புளமும் கீறலுமா? ரப்பருக்குள் ஊறிய வாயு, அழுத்தத்தைச் சட்டென்று இறக்கியதும் வெடித்திருக்கிறது, மெதுவாக இறக்குங்கள். ஊதிப்போயிருந்தால் ரப்பர் வகை தப்பு. ஈபிடிஎம் ரப்பருக்கு எண்ணெய் ஆகாது.

அளவுக்கு ஓர் உதாரணம்: 5.3 மி.மீ. தடிமன் ஓ-ரிங்குக்குப் பள்ளம் 4.1 மி.மீ. ஆழம், 7 மி.மீ. அகலம். நசுக்கல் 23 சதவீதம் வரும், பள்ளத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் நிரம்பும். முழுக்க நிரப்பிவிட்டால் சூட்டில் விரியும் ரப்பருக்குப் போக்கிடம் இல்லை. உள்ளிருந்து அழுத்தம் வருவதால் ஓ-ரிங் பள்ளத்தின் வெளிச்சுவரைத் தொட்டபடி உட்கார வேண்டும்.

குளிர்ந்த காலையில் மட்டும் கசிகிறது என்று எழுதியிருப்பதால் ஒன்று: குளிரில் ரப்பர் சோம்பேறி ஆகும். இணைப்பு லேசாகத் திறக்கும்போது பின்தொடர்ந்து விரியாது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டர் இணைப்பில் நடந்தது இதுதான்.

கேள்வி: தண்ணீர் எடுத்துவர வழியில்லை. காற்றை வைத்தே டெஸ்ட் செய்துவிடலாமா?

ஒரு கன மீட்டர் கலனில் 10 பார் காற்று ஏற்றினால் தேங்கும் ஆற்றல் 10 லட்சம் ஜூலுக்கு மேல். சுமார் 300 கிராம் டிஎன்டிக்கு ஈடு. அதே அழுத்தத்தில் தண்ணீருக்குள் தேங்குவது 230 ஜூல் அளவுதான். வெல்டிங் பிளந்தால் தண்ணீர்க் கலன் நனைக்கும். காற்றுக் கலன் சிதறும். வேறு வழியே இல்லாத இடத்தில், விதிமுறை அனுமதித்து, ஆட்களை விலக்கி, படிப்படியாக ஏற்றுவதற்கென்று தனி நடைமுறை உண்டு. தண்ணீர் எடுத்துவரும் சிரமம் அதற்குக் காரணமாகாது.

தண்ணீர் வைத்தால் இரண்டு கவனம். வாயுவுக்காகக் கட்டிய அடித்தளம் தண்ணீர் எடையைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். டெஸ்ட் முடிந்து தண்ணீரை இறக்கும்போது மேல் வென்ட்டை (காற்று புகும் வழியை) திறந்து வைத்துவிட்டு அடி வால்வைத் திறங்கள். மறந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஹைட்ரோ டெஸ்ட்டில் தேறிய மெல்லிய சுவர்க் கலன் தண்ணீர் இறங்கும்போது தகரடப்பா போல உள்நோக்கி ஒடுங்கிவிடும்.