கேளுங்கள், சொல்கிறோம்: பிலடெல்பியா பிரபலங்கள்

கேள்வி: வில் ஸ்மித், குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியர், 'ராக்கி' நாயகன் ஸ்டலோன் மூவரும் பிலடெல்பியாக்காரர்கள்தானா?

பதில்: அங்கே பிறந்தவர் வில் ஸ்மித் மட்டும்தான் (1968). ஸ்டலோன் பிறந்தது நியூயார்க். 1976-ல் வந்த படத்தின் கதை பிலடெல்பியாவில் நடப்பதால் வரும் குழப்பம் இது. கலை அருங்காட்சியகத்தின் 72 படிகளில் அவர் ஓடும் காட்சியை யார் மறப்பார்கள்! ஃப்ரேசியர் தென் கரோலினாவின் போஃபோர்ட்டில் பிறந்தவர். பிழைப்புக்காக வந்து இந்த ஊர்க்காரராகவே ஆனார். இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தபோது தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பழகியவர் அவர்தான். படத்தில் அது ராக்கியின் பழக்கமாகிவிட்டது. பட்டியல் போடுபவர்கள் பிறந்த ஊர், வளர்ந்த ஊர், விளையாடிய ஊர் மூன்றையும் தனித்தனியாக எழுதினால் இந்தத் தப்பு வராது.

கேள்வி: ஒரே பள்ளியில் நடிகரும் விளையாட்டு வீரரும் படித்ததுண்டா?

பதில்: ஓவர்புரூக் உயர்நிலைப்பள்ளி. வில் ஸ்மித்துக்கு முன்பே அங்கே படித்தவர் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின். 1962 மார்ச் 2-ல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார்: தலா 2 புள்ளி வீதம் 36 கூடைகளுக்கு 72, தண்ட எறிதலில் (எதிரணி தவறு செய்தால் கிடைக்கும், யாரும் தடுக்காத 1 புள்ளி எறிதல்) 28. தண்ட எறிதல் அவருடைய பலவீனம். அன்று மட்டும் 32-க்கு 28 விழுந்தது! அந்த ஆட்டமும் பிலடெல்பியாவில் இல்லை, அதே பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி என்ற ஊரில்.

கேள்வி: ஒரே குடும்பத்தில்?

பதில்: நடிகை கிரேஸ் கெல்லியின் தந்தை துடுப்புப் படகில் 3 ஒலிம்பிக் தங்கம் வென்றவர் (1920, 1924). கிரேஸின் அண்ணனுக்கு 1956-ல் வெண்கலம்.