பொம்பளைப் பிள்ளைக்கு என்ன பேர் வைக்க? டீச்சரிடம் சில கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஆசிரியையாகவும் பிறகு தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஜூன் பிறந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளைகள் பேரை எழுதுவதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில், பெண் குழந்தைக்குப் பேர் வைப்பதில் வீட்டில் இழுபறி என்றால் இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். இந்தத் தடவை கேட்டவர்களுக்குச் சொன்னவை இவை.

சங்கரன்கோவில், குழந்தையின் அப்பா: டீச்சர், மூத்தது பொம்பளைப் பிள்ளை. எங்க அம்மா பேரு ஆவுடைத்தாய், அதைத்தான் வைக்கணும்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்கா. வீட்டுக்காரி, 'பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க, வேண்டாம்'னு சொல்லுதா. நான் யார் பக்கம் பேச?

தம்பி, மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெத்த ஆச்சி பேர், அடுத்தவளுக்கு அம்மாவைப் பெத்த ஆச்சி பேர் என்பது நம் பக்கத்தில் பல குடும்பங்களில் இருக்கிற முறை. உங்கள் அம்மா ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் மருமகள் மாமியார் பேரைச் சொல்லக்கூடாது என்பதும் அதே வீட்டு முறைதானே? அப்புறம் பெற்றவள் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? பாப்பா, தாயி, அம்மாளு என்று ஏதாவது ஒன்று. வைத்த பேர் சர்டிபிகேட்டோடு நின்றுவிடும்.

அதன் பலனை வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கிறேன். 'உலகம்மாள்' என்றேன், சத்தமில்லை. மறுபடியும் வாசித்தேன். பக்கத்தில் இருந்த பையன் முழங்கையால் இடித்து, 'ஏட்டி பாப்பா, உன்னயத்தான்' என்றான். அந்தப் பிள்ளை எழுந்து என்னைப் பார்த்து முழித்தது. சிலேட்டில் எழுதிக் காட்டினேன். வேறு யார் பேரையோ பார்ப்பது போலப் பார்த்தது. அஞ்சு வயசு வரைக்கும் அதன் சொந்தப் பேர் அதன் காதில் விழவே இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த வருத்தம் கொஞ்சமில்லை.

உங்களுக்கு வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆவுடையம்மை என்றாலும் கோமதி என்றாலும் ஆடித்தபசில் தவம் நிற்கிற அதே அம்மன்தான். கோமதி என்று வையுங்கள். 'உங்க பேருக்குரிய அம்மன் பேர்தாம்மா' என்று நீங்களே அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். இல்லை, ஆவுடைத்தாய்தான் என்று முடிவானால், மருமகள் அந்தப் பேரை வாய் நிறையக் கூப்பிட மாமியாரே முன்னால் நின்று சம்மதம் சொல்லட்டும். அந்தச் சம்மதம் இல்லாமல் அந்தப் பேரை வைக்காதீர்கள்.

தென்காசி, தாய்வழி ஆச்சி: பேத்திக்கு ஆயில்யம். ஜோசியர் டி, டு, டே, டோவில் பேர் வைக்கச் சொல்லுதார். அந்த எழுத்துல என்ன பேரு இருக்கு? இதுல, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதுன்னு வேற பேசுதாங்க.

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 எழுத்து என்பது அந்தக் கணக்கு. ஆயில்யத்துக்கு வருவதெல்லாம் டகர வரிசை; அதில் நல்ல தமிழ்ப் பேர் தேடி அலைய வேண்டாம். நட்சத்திர எழுத்தில் ஒரு பேரைக் காதில் சொல்லிவிட்டு, கூப்பிடுகிற பேரை உங்கள் விருப்பத்துக்கு வையுங்கள். பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த 'ஆகாது' பேச்சை மட்டும் தொட்டில் பக்கமே விடாதீர்கள், அம்மா. பிறந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளை மேல் இப்போதே ஒரு பழியா?

பெங்களூரு, சொந்த ஊர் வள்ளியூர்: சின்னப் பேரா, நம்ம ஊர் வாசனையோட வேணும் டீச்சர். யாழினின்னு நினைச்சோம், இங்க ழகரம் யாருக்கும் வராதேன்னு தயங்குதோம்.

ழகரத்துக்குப் பயந்து பேரை விடாதீர்கள். சொல்லிக் கொடுத்தால் பழகிக்கொள்வார்கள். இங்கிலீஷில் ழகரத்துக்கு இசட்-எச் போடுவதா, எல் போடுவதா என்பதை மட்டும் முதல் நாளே முடிவு செய்து, எல்லாக் காகிதத்திலும் அதையே எழுதுங்கள். ஊர்ப் பேர் என்றால்: குற்றாலத்து அம்மன் குழல்வாய்மொழி, குழலி என்று வைக்கலாம். நெல்லையப்பர் கோயில் காந்திமதியிலிருந்து மதி. நாங்குநேரித் தாயார் சிரீவரமங்கையிலிருந்து வரமங்கை. நம்மாழ்வாரைப் பெற்றவர் உடையநங்கை. நங்கை என்ற பேர் ஏன் இவ்வளவு அரிதாகிப்போனதோ, எனக்கு அது ரொம்பப் பிடித்த பேர்.

ஸ்ரீவைகுண்டம், ஒரு தாய்: 2023 டிசம்பர் வெள்ளத்தப்ப பிறந்தவ எம்மக. ஆத்துப் பேரா இருக்கட்டும்னு நானும் அவ அப்பாவும் பொருநைன்னு வச்சோம். எங்க அத்தை மட்டும், 'வெள்ளத்துப் பேரு'ன்னு இன்னமும் கூப்பிட மாட்டேங்காங்க. மாத்திரட்டுமா?

மாற்றாதீர்கள் தாயி. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் உங்கள் ஊர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். ரயிலே ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டது. உங்கள் அத்தைக்கு இருக்கிற பயம் நிஜம். ஆனால் பொருநை என்பது தாமிரபரணிதான்; பொதிகையில் பிறந்து வருகிற அந்த ஆற்றின் கடைசி அணைக்கட்டு உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்து நெல்லும் வாழையும் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. அத்தையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஊரே பொருநை என்று கூப்பிடும்போது அவரும் கூப்பிடுவார்.

மேலப்பாளையம்: அத்தாவோட உம்மா பேரு மைதீன் பாத்திமா. அண்ணன் மக, அக்கா மக எல்லாருக்கும் அதே பேருதான். ஏழாம் நாள் அகீகா வருது, அன்னைக்குப் பேர் வைக்கணும். இவளுக்கும் அதே பேரையா வைக்க?

ஒரே வகுப்பில் பெரிய பாத்து, சின்ன பாத்து என்று பிரித்துக் கூப்பிட்டவள் நான். பாத்திமா இருக்கட்டும். முன்னால் வருவதை மட்டும் மாற்றுங்கள்.

பாளையங்கோட்டை: ஞானஸ்நானப் பேர் ஒண்ணு, வீட்டுப் பேர் ஒண்ணுன்னு வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் ஊர் எதைக் கூப்பிடுகிறதோ அதுதான் நிலைக்கும். நம் ஊரிலேயே பாருங்கள்: கோகிலா என்ற பிராமணப் பெண் 1778-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று கிளாரிந்தா ஆனார். அவர் கட்டிய கோயில் 1785-லிருந்து நிற்கிறது. ஜனங்கள் அதைச் சொல்வதோ பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று! அதனால் வீட்டில் கூப்பிடப் போகிற பேரையே ஞானஸ்நானத்துக்கும் கொடுங்கள்.

அம்பாசமுத்திரம்: இன்னும் பேர் முடிவாகலை. சர்டிபிகேட்டுக்கு என்ன செய்ய?

பேர் இல்லாமலே பதியலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பேரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் அவ்வளவு இழுக்காதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். பேர் சேர்க்கப் போகும்போது தமிழிலும் இங்கிலீஷிலும் தெளிவாக ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். டைப் அடித்ததும் நீங்கள் ஒரு தடவை, உங்கள் வீட்டுக்காரி ஒரு தடவை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.