பால்வெட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் புகைப்படச் சுற்றுலா நடத்துகிறீர்கள், ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு அக்காமார்கள் கேமராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், வந்தவர்களுக்கு ஏமாற்றம் என்று எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் போகும் நேரம்தான் சிக்கல். விடிகாலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். தலைவிளக்கோடு மரம் மரமாக ஓடுகிறவரிடம் "இப்படித் திரும்புங்கள்" என்றால் யாருக்குத்தான் கடுப்பு வராது? பிளாஷ் அடித்தால் இன்னும் மோசம். கண் கூசிக் கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் மரத்துக்குக் காயம், திட்டு அவருக்கு. அதை அடியோடு நிறுத்துங்கள். கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 3200-இல் வைத்து, நிறைய வெளிச்சம் உள்ளே விடும் எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் அந்தத் தலைவிளக்கே போதும். வெட்டுக்கோட்டில் வெள்ளையாக வழிந்து மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சொட்டுகிற பாலையும் கத்தி பிடித்த கையையும் எடுக்கச் சொல்லுங்கள்.

முகம் வேண்டுமென்றால் பாலை எடை போட்டுக் கொடுத்த பிறகு, பசியாறும் கடையில். கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினால், "என்னையும் ஒரு படம் எடு தம்பி" என்று அவர்களே கேட்பார்கள். எடுத்ததை அச்சிட்டு அடுத்த முறை கையில் கொடுங்கள். இணையத்தில் போடுவதாக இருந்தால் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், தோட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்கினீர்களா? அது இல்லாமல் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கம் போகவே வேண்டாம். மரம் நனைந்திருந்தால் வெட்டு கிடையாது, அதனால் மழை நாளுக்குக் கோயிலையோ சந்தையையோ கைவசம் வைத்திருங்கள்.