வேக்குவம் குழாய்கள்: எது எங்கே சேர வேண்டும்?

கேள்வி: என்னிடம் கார்புரேட்டர் பொருத்திய பழைய மாருதி 800 கார் உள்ளது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதிலிருந்து ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) உயர்ந்தே நின்றது. மெக்கானிக் ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்திய பிறகு, சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. மெல்லிய ரப்பர் குழாய்கள் இடம் மாறியிருக்குமோ? எப்படிக் கண்டறிவது?
– ஈரோடு வாசகர்

பதில்: மாறியிருக்க வாய்ப்பு அதிகம். கார்புரேட்டரைச் சுற்றியுள்ள நிப்பிள்கள் (குழாயை மாட்டும் சிறு முனைகள்) பலவும் ஏறத்தாழ ஒரே பருமன் கொண்டவை என்பதால், தவறான குழாயும் இறுக்கமாகப் பொருந்திவிடும். ஆகவே, பொருந்துகிறதா என்பதைவிட, அந்த நிப்பிளில் எப்போது உறிஞ்சல் (வேக்குவம்) உண்டாகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகட்டுக்குக் கீழே, கலவையை எஞ்சினுக்குள் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டு பக்கம் உள்ள நிப்பிளில், ஐடிலிங்கிலேயே உறிஞ்சல் வலுவாக இருக்கும். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் அது வேக்குவம் அளவியில் ஏறத்தாழ 18 முதல் 21 அங்குலப் பாதரச அளவு காட்டும். தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே அமைந்த நிப்பிளிலோ ஐடிலிங்கில் உறிஞ்சல் இராது. ஆக்சிலரேட்டரை லேசாகத் திறந்ததும்தான் தொடங்கும். எஞ்சின் ஓடும்போது நிப்பிளை விரலால் மூடிப் பார்த்தாலே இந்த வேறுபாடு புலப்படும். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே கையும் துணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில், உறிஞ்சலைக் கொண்டு தீப்பொறியை முன்கூட்டி விழச் செய்யும் வேக்குவம் அட்வான்ஸ் குழாய், இவ்வகை எஞ்சின்களில் பெரும்பாலும் இரண்டாவது வகை நிப்பிளிலிருந்தே வருகிறது. (1960-களின் அமெரிக்க வண்டிகள் சிலவற்றில் மேனிஃபோல்டிலிருந்தே எடுத்தார்கள், ஆகவே அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகமே இறுதிச் சான்று.) அட்வான்ஸ் குழாயை மேனிஃபோல்டு நிப்பிளில் மாட்டிவிட்டால், ஐடிலிங்கிலேயே தீப்பொறி முன்கூட்டி விழுந்து வேகம் ஏறுகிறது. அதைக் குறைக்க ஸ்க்ரூவைத் தளர்த்தினால், எஞ்சின் மீது சிறிது சுமை ஏறியதும் உறிஞ்சல் தளர்ந்து, தீப்பொறி பின்வாங்கி, எஞ்சின் நின்றுவிடுகிறது. தாங்கள் எழுதியிருக்கும் குறை இதனோடு அப்படியே ஒத்துப்போகிறது. முதலில் குழாயைத் திருத்துங்கள். பிறகு அதைக் கழற்றி, அதன் முனையையும் நிப்பிளையும் அடைத்துவிட்டு டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) சரிபார்த்து, மீண்டும் மாட்டிய பின்னரே ஐடில் ஸ்க்ரூவைத் தொடச் சொல்லுங்கள். இந்த வரிசை மாறினால் குறை தீராது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, அட்வான்ஸ் குழாயின் கார்புரேட்டர் பக்க முனையில் கைப்பம்பால் உறிஞ்சுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள தகடு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நிற்காமல் திரும்பினால் அந்தத் தகட்டை இழுக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது, குழாயை எங்கே மாட்டினாலும் பயனில்லை.

குழாய்களின் முனை விரிந்து வெடித்திருந்தால் வெட்டி ஒட்டாமல் புதிதாகவே வாங்குங்கள். மீன்தொட்டிக்கு விற்கும் பிளாஸ்டிக் ட்யூப் எஞ்சின் சூட்டில் இளகி உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். தடித்த சுவருள்ள வேக்குவம் ஹோஸே ஏற்றது. காற்று கசியும் இடத்தைத் தேட, சூடான எஞ்சின் மீது பெட்ரோலைத் தெளிக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. தீப்பிடிக்கும் ஆபத்துள்ள அதை அனுமதிக்காதீர்கள். ஒவ்வொரு குழாயையும் துணி சுற்றிய பிளையரால் நசுக்கினால், கசிவுள்ள குழாயில் எஞ்சின் ஓட்டம் மாறுவது தெரிந்துவிடும்.

வண்டியில் பிரேக் பூஸ்டர் (உறிஞ்சலைக் கொண்டு பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டும் கருவி) இருந்தால் அதன் பருத்த குழாயையும் பாருங்கள். அதிலுள்ள ஒருவழி வால்வு திருப்பி மாட்டப்பட்டால் பூஸ்டருக்கு உறிஞ்சலே கிடைக்காது. எஞ்சினை நிறுத்தி, பெடலைப் பலமுறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால், அதைச் சரிசெய்யும்வரை வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டாம்.