காய்ச்சல் விட்டது, கால் மரத்தது: இது எம்.எஸ். ஆக இருக்குமா?

கேள்வி: என் தங்கைக்கு 28 வயது. இரண்டு மாதத்துக்கு முன்பு வைரஸ் காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் சரியானது. மூன்று வாரம் கழித்து இரண்டு காலும் மரத்துப்போயின. மார்புக்குக் கீழே பெல்ட் போட்டு இறுக்கிய மாதிரி இருக்கிறது என்றாள். சிறுநீரும் முக்கினால்தான் வந்தது. பக்கத்து கிளினிக்கில் நரம்புச் சத்து ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தண்டுவடத்தில் டி5, டி6 அளவில் ஒரு பாதிப்பு, மூளையில் மூன்று வெள்ளைப் புள்ளிகள், ‘டிமைலினேஷன்’ என்று எழுதியிருந்தார்கள். ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றியதில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. ஒரு டாக்டர், காய்ச்சலால் வந்தது, மறந்துவிடுங்கள் என்கிறார். இன்னொருவர், எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற, நரம்புறையைத் திரும்பத் திரும்பத் தாக்கும் நோய்) ஆக இருக்கலாம், நீண்ட கால மருந்து தேவைப்படும் என்கிறார். யார் சொல்வது சரி? மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இது.

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதல் முறை வந்த பாதிப்பை வைத்து, இது ஒரு தடவையோடு போகுமா, திரும்பவும் வருமா என்று அன்றைக்கே அடித்துச் சொல்வது பல நேரம் கஷ்டம். ஆனால் ‘மறந்துவிடுங்கள்’ என்பதை நான் ஏற்க மாட்டேன். தண்டுவடத்தில் ஒன்று, மூளையில் மூன்று என்று ஸ்கேன் சொல்லும்போது, மறப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

முதலில் அந்தக் காய்ச்சல். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. வயரின் மேலுறை மாதிரி. அது சிதைவதைத்தான் ரிப்போர்ட்டில் ‘டிமைலினேஷன்’ என்று எழுதியிருக்கிறார்கள். வைரஸை எதிர்த்துக் கிளம்பிய நோய் எதிர்ப்பு மண்டலம், வைரஸ் போன பிறகும் அடங்காமல் இந்த உறையைத் தாக்குவது உண்டு. ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் இது வெளிப்படும். டெங்கு, சிக்குன்குன்யா, சின்னம்மை, ஃப்ளூ, கோவிட் என்று பல காய்ச்சல்களுக்குப் பின் இப்படி நடந்திருக்கிறது. குழந்தைகளுக்கு மூளை முழுக்கப் பரவி, மயக்கம், குழப்பம், வலிப்புடன் வரும் ஏ.டி.இ.எம். என்ற வகையும் இதில்தான் சேரும். உங்கள் தங்கை நினைவு தப்பாமல், குழப்பமில்லாமல் இருந்திருக்கிறார் என்பதால் அது பொருந்தவில்லை. தண்டுவடத்தில் வந்த வீக்கம் என்பது பொருந்துகிறது. பெல்ட் இறுக்கமும் சிறுநீர்ச் சிக்கலும் அதன் அடையாளங்கள்.

ஆனால் காய்ச்சலுக்குப் பின் வந்தது என்பதால் மட்டும் எம்.எஸ். இல்லை என்று ஆகிவிடாது. ஏற்கெனவே எம்.எஸ். இருக்கிறவர்களுக்கே சளி, காய்ச்சலைத் தொடர்ந்து புதுத் தாக்குதல் வருவது அதிகம். வெளியே தெரியாமல் உள்ளே இருந்த நோய் ஒரு காய்ச்சலோடு தலைகாட்டியிருக்கவும் கூடும்.

எம்.எஸ்ஸுக்கு ஒரு வைரஸ்தான் காரணம் என்று படித்திருப்பீர்கள். அது எப்ஸ்டீன்-பார் வைரஸ். 2022 ஜனவரியில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் இருபது ஆண்டு ரத்த மாதிரிப் பதிவுகளை வைத்து, இந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். முக்கியமான ஆய்வுதான். ஆனால் தொற்றுக்கும் நோய்க்கும் நடுவில் அங்கே பல ஆண்டு இடைவெளி இருந்தது. இரண்டு மாதக் கணக்கு இல்லை. தவிர, பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு அந்த வைரஸ் எப்போதோ வந்து போயிருக்கும். நம் ஊரில் பெரும்பாலும் சின்ன வயதிலேயே. அவர்களில் எம்.எஸ். வருவது மிகச் சிலருக்கு. ஆகவே அதற்கான ரத்தப் பரிசோதனையை யாராவது எழுதிக்கொடுத்தால் செய்ய வேண்டாம். ‘பாசிட்டிவ்’ என்று வரும், தூக்கம் போகும், சிகிச்சையில் ஒன்றும் மாறாது.

இனி ஸ்கேன். ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு அலையாதீர்கள், படங்கள் பதிவான குறுந்தட்டையும் (சி.டி.) வாங்கிக்கொள்ளுங்கள். நரம்பியல் டாக்டர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். புள்ளி எத்தனை என்பதை விட எங்கே என்பதுதான் கேள்வி. மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளை ஒட்டி, மூளையின் மேற்பரப்பை ஒட்டி, சிறுமூளை, மூளைத்தண்டு ஆகிய இடங்களில் இருந்தால் எம்.எஸ். பக்கம் சாய்வோம். வெள்ளைப் பகுதியின் நடுவில் பொடிப்பொடியாக இருப்பவை ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் சாதாரணமாகத் தெரிபவை. தண்டுவடத்தில் நீளத்தைப் பார்ப்போம். எம்.எஸ். பாதிப்பு பெரும்பாலும் முதுகெலும்புக் கணக்கில் இரண்டு கண்டத்துக்குள், ஒரு ஓரமாக இருக்கும். மூன்றும் அதற்கு மேலும் நீண்டால் வேறு நோய்களை முதலில் சந்தேகிக்க வேண்டும். தங்கையுடையது குட்டை. இது கொஞ்சம் எம்.எஸ். பக்கம் தள்ளுகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்தார்களா என்றும் கேளுங்கள். சில புள்ளிகள் பளிச்சென்று தெரிந்து, மற்றவை தெரியாமல் இருந்தால், அவை ஒரே நேரத்தில் வந்தவை அல்ல என்று அர்த்தம். ஒரு காய்ச்சலோடு ஒட்டுமொத்தமாக வந்தவை என்ற வாதம் அங்கே பலவீனமாகிவிடும்.

பார்வை நரம்பு வீங்கியவர்களை 15 ஆண்டு பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு உண்டு. முதல் ஸ்கேனில் மூளை சுத்தமாக இருந்தவர்களில் 25 சதவீதம் பேருக்குத்தான் எம்.எஸ். வந்தது. ஒரு புள்ளியாவது இருந்தவர்களில் 72 சதவீதம். தண்டுவடத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் மூளைப் புள்ளிகளை ஏன் நாங்கள் விடாமல் பிடித்துக்கொள்கிறோம் என்பது புரியும்.

அடுத்ததை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். எம்.எஸ். மாதிரியே வந்து ஏமாற்றும் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று என்.எம்.ஓ. (நியூரோமைலைடிஸ் ஆப்டிகா); அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியால் வருவது, அந்த ஆன்டிபாடி 2004-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்னொன்று எம்.ஓ.ஜி. என்ற மயலின் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியால் வருவது, காய்ச்சலைத் தொடர்ந்து வருவதும் இதில் அதிகம். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ‘செல் பேஸ்டு அஸ்ஸே’ முறையில் செய்கிற லேபில்தான் கொடுக்க வேண்டும். ஏன் இந்த அவசரம் என்றால், எம்.எஸ்ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட் போன்ற மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கிவிடும். தவறான பெயரில் தொடங்கிய மருந்து பார்வையையே வாங்கிவிடலாம். ஸ்டீராய்டு ஏற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுத்திருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இப்போது கொடுங்கள். நெகட்டிவ் என்று வந்து, சந்தேகம் மட்டும் தீரவில்லை என்றால் மூன்று முதல் ஆறு மாதம் கழித்து ஒருமுறை பார்க்கலாம்.

நரம்புச் சத்து ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. பி12 குறைந்தாலும் கால் மரக்கும், தண்டுவடம் பாதிக்கும்; சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களிடம் இது நிறைய. ஊசியைப் போட்ட பிறகு ரத்தத்தில் அளவு ஏறி நிற்கும், முன்பு குறைவாக இருந்ததா என்று கண்டுபிடிப்பது சிரமம். மரத்துப்போகிறது என்று சொன்னதுமே ஊசியை எடுக்கிற பழக்கத்தை நம் கிளினிக்குகள் எப்போது விடுமோ தெரியவில்லை. தங்கைக்கு எந்தத் தேதியில் எத்தனை ஊசி போட்டார்கள் என்று எழுதி டாக்டரிடம் கொடுங்கள். காசநோய், எச்.ஐ.வி., சிஃபிலிஸ், லூபஸ் ஆகியவற்றையும் இதே சுற்றில் பார்த்து விலக்கிவிடுவார்கள். இந்தப் பட்டியலைப் பார்த்து யாரும் சங்கடப்பட வேண்டாம், எல்லாருக்கும் செய்வதுதான்.

முதுகில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று சொன்னால் தயங்காதீர்கள். முடமாகிவிடும் என்ற பயம் வீண். கீழ் இடுப்பில் ஊசி இறங்கும் இடத்தில் தண்டுவடமே இருக்காது. இரண்டொரு நாள் தலைவலி வரலாம். அந்த நீரில் ‘ஆலிகோகுளோனல் பேண்ட்’ என்ற நோய் எதிர்ப்புப் புரதப் பட்டைகள் தெரிந்து, ரத்தத்தில் அது இல்லாமல் இருந்து, ஸ்கேன் புள்ளிகளும் சரியான இடங்களில் இருந்தால், 2017-ல் திருத்திய மெக்டொனால்ட் விதிகளின்படி இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திராமல் முதல் தாக்குதலிலேயே எம்.எஸ். என்று சொல்லலாம். சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் மருந்து. இந்த நோயில் அது பெரிய லாபம். எல்லாம் சுத்தமாக வந்தால் மூன்று முதல் ஆறு மாதத்தில் மறுபடி ஒரு எம்.ஆர்.ஐ. புதுப் புள்ளி எதுவும் இல்லை என்றால் முதல் டாக்டரின் கை ஓங்கும். அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

இதற்கு நடுவில் வெயிலில் போய் வந்தாலோ, லேசாகக் காய்ச்சல் அடித்தாலோ பழைய மரப்பு ஒரு மணி நேரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். உடல் சூட்டால் வருவது, புதுத் தாக்குதல் அல்ல. புதிதாக ஒன்று, ஒரு நாளுக்கு மேல் விடாமல் நின்றால்தான் தாக்குதல்: ஒரு கண் மங்குவது, அசைத்தால் கண் வலிப்பது, உருவம் இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது. அப்போது மருத்துவமனைக்குப் போகலாம். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, காலில் தொடங்கிய பலவீனம் கைக்கு ஏறி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். இரண்டாவது வகை குய்லன்-பாரே என்ற வேறு நோயாக இருக்கலாம். அதுவும் காய்ச்சலுக்குப் பின் வருவதுதான்.

கல்யாணம்? செய்யலாம். ஒட்டுகிற நோய் இல்லை, தாயிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்குவதும் இல்லை. எம்.எஸ். உள்ள பெண்கள் கர்ப்பமாகலாம். கடைசி மூன்று மாதத்தில் தாக்குதல் குறையக்கூடச் செய்யும், பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதத்தில்தான் கவனம் வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது என்பதைத் தங்கை முடிவு செய்யட்டும். பரிசோதனைகள் முடியும் வரை இரண்டு மூன்று மாதம் பேச்சைத் தள்ளிவைப்பது எல்லாருக்கும் வசதி. ஒன்றை மட்டும் டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லச் சொல்லுங்கள்: குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறது என்று. டெரிஃப்ளுனமைட், ஃபிங்கோலிமாட் போன்றவை கருவுக்கு ஆகாதவை. அது தெரிந்தால் மருந்தை அதற்கேற்ப முதலிலேயே தேர்ந்தெடுப்பார்கள்.