அப்படியே உங்கப்பன் புத்தி

கேள்வி: டைவர்ஸ் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு சார். பையன் ப்ளஸ் ஒன், 16 வயசு. நல்லா படிச்சிட்டு இருந்தவன் இப்ப கட் அடிக்கிறான், போன வாரம் ஃப்ரெண்டோட பைக்ல ட்ரிபிள்ஸ் போயி போலீஸ் பிடிச்சு ஸ்டேஷன்ல உக்கார வச்சுட்டாங்க. நோட்டுல இனிஷியலே போடறதில்ல, கேட்டா "எந்த இனிஷியல போட?"ங்கறான். ஸ்டேஷன்ல இருந்து வரும்போது ஆத்திரத்துல "அப்படியே உங்கப்பன் புத்தி"ன்னு சொல்லிட்டேன், அதுல இருந்து முகம் குடுத்தே பேசறதில்ல. நான் டைவர்ஸ் வாங்குனதே தப்போ?
- பேர் வேண்டாம், ஈரோடு

பதில்: தப்பில்லம்மா. ஆனா பாதிப்பே இருக்காதுன்னும் பொய் சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல மேவிஸ் ஹெதரிங்டன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இந்த மாதிரி குடும்பங்கள வருஷக்கணக்கா பாத்துட்டு வந்தாங்க, பிரிஞ்ச வீட்டுப் பிள்ளைங்கள்ல 20-25 சதவீதம் பேருக்கு பெரிய பிரச்சனை, சேர்ந்திருக்கற வீட்ல அது 10 சதவீதம். அப்ப மீதி முக்கால்வாசி பேரு தேறிட்டாங்கல்ல?

எனக்கு உறுத்தறது அந்த "உங்கப்பன் புத்தி"தான். அவன்ல பாதி அவங்கப்பா, அந்தப் பாதிய நீங்க குப்பைன்னு சொன்னா "சரி, நான் அப்படித்தான் போல"ன்னு அவனும் அதுக்கேத்த மாதிரி நடக்க ஆரம்பிச்சுருவான். அந்த ட்ரிபிள்ஸ் கூட்டத்துல அவன யாரும் அப்பன் பேரச் சொல்லி திட்டறதில்ல, அதான் அங்க போறான். இன்னிக்கே "அன்னிக்கு சொன்னது தப்புடா"ன்னு சொல்லிருங்க, விளக்கமெல்லாம் வேண்டாம். அவங்கப்பாகிட்ட பேச விரும்புனா பேசட்டும், ஆனா "அவர் என்ன சொன்னாரு"ன்னு நோண்டாதீங்க.

இனிஷியல் விஷயம் எனக்குப் பிடிச்சிருக்கு, உண்மையா. ஐடென்டிட்டி க்ரைசிஸ், அதாவது 'நான் யாரு'ங்கற குழப்பம், அந்த வார்த்தைய பிரபலமாக்குன சைக்காலஜிஸ்ட் எரிக் எரிக்சனுக்கே சொந்த அப்பா யாருன்னு தெரியாது, ஸ்டெப்ஃபாதர் பேர்ல வளர்ந்து, பின்னாடி எரிக்சன்ங்கற பேர அவரே வச்சுகிட்டாரு. நோட்டுல உங்க இனிஷியலோ அவங்கப்பா இனிஷியலோ, இல்ல வெறும் பேரோ, எதையோ போடட்டும். ஸ்கூல் ரெக்கார்ட இப்போதைக்கு தொடாதீங்க, ப்ளஸ் டூ முடியட்டும், சர்டிபிகேட்டுக்கு அலைய முடியாது.

பைக்க அவன்தான் ஓட்டுனானான்னு நீங்க எழுதல. 18 வயசு ஆகாத பையன் ஓட்டுனா மோட்டார் வாகனச் சட்டத்துல 2019ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 ரூபா ஃபைன், 3 வருஷம் வரை ஜெயில், அவனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. இத மிரட்டலா சொல்லாம சாப்பிடும்போது சாதாரணமா சொல்லுங்க. ஸ்கூல் விட்டு நீங்க வேலைல இருந்து வர்ற வரைக்கும் அவன் எங்க இருக்கான்? அந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மாமாவோ, கிரவுண்டோ, ட்யூஷனோ ஏதாச்சும் ஏற்பாடு பண்ணுங்க. ரொம்ப மூடிக்கிட்டே இருந்தான்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு கவர்மென்ட்டோட மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.