கடல் உயிரினங்களிலிருந்து மருந்து எடுத்தால், அவை அழிந்துவிடாதா?

அள்ளி எடுத்தால் அழியும். ஆனால் அள்ளுவது கணக்குக்கே ஒத்துவராது. 1980களில் ஜப்பானில் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து பிரித்தெடுத்த ஹாலிகாண்ட்ரின் பி என்ற புற்றுநோய் எதிர்ப்புப் பொருள் வெறும் 12.5 மில்லிகிராம். சின்னதாக ஒரு கல் உப்பின் எடை, அவ்வளவுதான்! அதனால் வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறில் வேலை செய்யும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, 60க்கும் மேற்பட்ட படிகளில் ஆய்வகத்திலேயே கட்டினார்கள். அதுதான் எரிபுலின். 2010இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. இப்போது அதற்குக் கடற்பஞ்சே தேவையில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது டிராபெக்டெடின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தின் கதை. கரீபியன் கடலில் அலையாத்தி மர வேர்களில் கொத்துக்கொத்தாக ஒட்டி வளரும் கடற்பீச்சி என்ற பை போன்ற விலங்கில் கண்டெடுத்தது. ஒரு கிராம் மருந்துக்கு ஏறக்குறைய ஒரு டன் கடற்பீச்சி வேண்டும். பண்ணை வைத்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. அப்புறம்தான் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா தரும் சாஃப்ராசின் பி என்ற வேதிப்பொருள் கண்ணில் பட்டது. மூலக்கூறில் கிட்டத்தட்ட அதே எலும்புக்கூடு! தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து சாஃப்ராசினை எடுத்து, மிச்ச வேலையை வேதிவினைகளால் முடிக்கிறார்கள். (கடற்பீச்சிக்குள்ளும் இதைத் தயாரிப்பது அதனுள் குடியிருக்கும் பாக்டீரியாதான் என்று பின்னாளில் தெரிந்தது.)

கூம்பு நத்தை நஞ்சிலிருந்து வந்த வலிநிவாரணி சிகோனோடைடு இன்னும் சுலபம். வெறும் 25 அமினோ அமிலங்கள் (புரதங்களின் அடிப்படை அலகுகள்), ஆய்வகத்திலேயே கோத்துவிடலாம்.

ஆனாலும் முதல் மாதிரியைக் கடலில்தான் எடுத்தாக வேண்டும். முதல் சோதனைக்குப் பெரும்பாலும் சிறிதளவே போதும்.